வாத்தியம் வாசிப்பவருக்குத் தோள்வலி வந்தால்: என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது

வாத்தியம் வாசிக்கும்போதோ வாசித்து முடித்த பிறகோ தோளிலும் கழுத்தடியிலும் தோள்பட்டையைச் சுற்றியும் வலி வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வயலின் வாசிக்கிறேன். வில் பிடிக்கும் தோளில் வந்த வலியோடு பல மாதங்கள் எலும்பு மருத்துவர், ஸ்கேன் மையம், இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), இசை ஆசிரியர் என்று மாறி மாறி அலைந்தேன். ஒவ்வொருவரிடமும் விடையின் ஒரு பகுதி இருந்தது. எதை முதலில் செய்ய வேண்டும், எதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த வரிசையைக் கீழே தருகிறேன். இது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று அல்ல. அந்தப் பரிசோதனை உங்களுக்கு முழுமையாகப் பயன்படும்படி தயாராவதற்கான உதவி.

தொடங்குமுன் ஒரு விஷயம். "நிமிர்ந்து உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற அறிவுரை உங்களுக்கு எல்லாப் பக்கமிருந்தும் வரும். தோள்களைப் பின்னுக்கு இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, விறைப்பாக வைத்திருப்பதும் தசைகளுக்கு ஒரு சுமைதான். எல்லா உடலுக்கும் பொருந்துகிற ஒரே சரியான நிலை என்று எதுவும் இல்லை. தோளைக் கெடுப்பது பெரும்பாலும், ஒரே நிலையில் நெடுநேரம் அசையாமல் இருப்பதும், கச்சேரியோ தேர்வோ நெருங்கும்போது சாதகம் (அன்றாட வாசிப்புப் பயிற்சி) திடீரென்று இரண்டு மடங்காவதும்தான். ஆகவே கீழே உள்ள படிகள் எல்லாம் இரண்டே கேள்விகளைச் சுற்றி வருகின்றன: தோள்மீது எவ்வளவு சுமை விழுகிறது, அதைத் தாங்க அதற்கு எவ்வளவு வலு இருக்கிறது.

1. முதலில் அபாய அறிகுறிகளைப் பாருங்கள்

பின்வருவனவற்றில் ஏதேனும் இருந்தால் மற்ற படிகளை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். இடது தோள் வலியோடு நெஞ்சில் அழுத்தம், மூச்சுத்திணறல், வியர்வை ஆகியவை சேர்ந்து வந்தால் அது இதயம் தொடர்பானதாக இருக்கலாம்; அப்போது ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கீழே விழுந்த பிறகு கையைத் திடீரென்று தூக்க முடியாமல் போனால், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் கிழிந்திருக்கலாம். அந்த வகைக் கிழிசலில் வாரக்கணக்கான தாமதம் பின்னர் வரும் சிகிச்சையைக் கடினமாக்கிவிடும். மூட்டு சூடாகி வீங்கிக் காய்ச்சலும் இருத்தல், காரணமின்றி எடை குறைதல், எந்த நிலையில் படுத்தாலும் அடங்காத இரவு வலி, கை நாளுக்கு நாள் பலவீனமாகிக்கொண்டே போதல், நடையில் தடுமாற்றம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

இவற்றோடு, வாத்தியக்காரர்கள் தவறவிடுகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். வலியே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாக மடங்குவதோ சொன்ன இடத்தில் விழாமல் போவதோ நடந்தால், அது நரம்பு மண்டலம் சார்ந்த வேறு கோளாறாக இருக்கலாம். அதைக் கூடுதல் சாதகத்தால் சரிசெய்ய முயலாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

2. இரண்டு வாரக் குறிப்பேடும் மூன்று காணொளிகளும் தயார் செய்யுங்கள்

இதற்குச் செலவு கிடையாது. ஆனால் பிறகு நீங்கள் செலவிடப்போகும் ஒவ்வொரு தொகையின் பயனையும் இது கூட்டும். ஒரு நோட்டில் நாள்தோறும் இவற்றை எழுதுங்கள்: எத்தனை நிமிடம் வாசித்தீர்கள், என்ன வாசித்தீர்கள், தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மறுநாள் காலையிலும் வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, எந்த இடத்தில். அதே பக்கத்தில் அன்று கணினி முன் இருந்த நேரம், சுமை தூக்கியது, குழந்தையை இடுப்பில் வைத்திருந்தது, வாத்தியப் பெட்டியை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு நடந்தது ஆகியவற்றையும் குறியுங்கள். வலிக்குக் காரணம் வாசிப்பு மட்டுமே என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். குறிப்பேடு சில சமயம் வேறு கதை சொல்லும்.

காணொளியை முன்னிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று என எடுக்க வேண்டும். தோள்பட்டைகள் தெரியும்படி கையில்லாத மெல்லிய உடை அணிந்திருப்பது நல்லது. சாதகத்தின் முதல் ஐந்து நிமிடங்களையும் கடைசி ஐந்து நிமிடங்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் துண்டில் காதுமடலுக்கும் தோளுக்கும் நடுவே, எடுத்துக்காட்டாக, நான்கு விரல் இடைவெளி இருக்கலாம். கடைசித் துண்டில் அது இரண்டு விரலாகச் சுருங்கியிருக்கலாம், வாசிப்பவருக்கு அது தெரிந்திருக்காது. கடினமான இடம் வருவதற்குச் சற்று முன்பே மூச்சு நிற்பது, தாடை இறுகுவது, தலை இசைத்தாளை நோக்கி முன்னால் நீளுவது, பாட்டு முடிந்தும் தோள் இறங்காமலே இருப்பது ஆகியவற்றைத் தேடுங்கள். வயது வந்தவரின் தலை ஏறத்தாழ ஐந்து கிலோ எடை உள்ளது; அது முன்னால் நகர நகரக் கழுத்தின் பின்புறத் தசைகளின் வேலை கூடுகிறது.

3. வலியின் வகையை ஓரளவு அறிந்துகொள்ளுங்கள்

நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. ஆனாலும் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தால், பத்து நிமிடச் சந்திப்பில் உரிய செய்தி அவரிடம் போய்ச் சேரும்.

தோள் மூட்டின் குழி ஆழமற்றது. கை எல்லாத் திசைகளிலும் சுழல முடிவதற்கு அதுவே காரணம். மூட்டு நிலையாக இருப்பதற்கு அதைச் சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளையும் அவற்றின் நாண்களையும் நம்பியிருப்பதற்கும் அதுவே காரணம். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது நடுப்பகுதியில் மட்டும் சுருக்கென்று வலித்து, அந்தப் பக்கம் படுத்தால் இரவில் எழுப்பினால், இந்த நாண்களில் பிரச்சினை இருக்க வாய்ப்பு அதிகம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். நீங்களே திருப்பினாலும் இன்னொருவர் மெதுவாகத் திருப்பினாலும் ஒரே இடத்தில் தடைபட்டால், அது உறைந்த தோள் எனப்படும் இறுக்கமாக இருக்கலாம். 40 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்களிடமும் சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் இது அதிகம் காணப்படுகிறது. முழுதும் தணிய ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம் என்பதால் திட்டமே வேறாகிவிடும். கழுத்தைத் திருப்பும்போது வலி கைக்குள் இறங்கி, கையைத் தலைமேல் வைத்தால் குறைந்தால், மூலம் கழுத்தில் இருக்கக்கூடும். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால், முழங்கையை நெடுநேரம் மடித்து வைத்திருப்பதால் அங்கே நரம்பு அழுந்துகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

4. மருத்துவரிடம் வாத்தியத்தோடு செல்லுங்கள்

எலும்பு மூட்டு மருத்துவர், விளையாட்டு மருத்துவர், உடல் இயக்கத்தை மீட்க உதவும் மறுவாழ்வு மருத்துவர் ஆகிய மூவரில் யாரையும் பார்க்கலாம். சில நாடுகளில் நிகழ்கலை மருத்துவம் என்ற தனிப்பிரிவே உண்டு; அமெரிக்காவில் பாமா (PAMA) என்று சுருக்கமாக அழைக்கப்படும் சங்கமும் பிரிட்டனில் பாபம் (BAPAM) என்ற அமைப்பும் இத்துறை சார்ந்தவை. அருகில் அப்படிப்பட்டவர் இல்லையென்றால், பந்து வீசுபவர்களையும் நீச்சல்காரர்களையும் கவனித்துப் பழகிய இயன்முறை மருத்துவர் நல்ல தேர்வு. கையை மீண்டும் மீண்டும் உயர்த்துகிற உடலை அவர் அறிந்திருப்பார்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: குறிப்பேட்டின் ஒரு பக்கச் சுருக்கம், தொலைபேசியில் காணொளிகள், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், சர்க்கரை, தைராய்டு இருந்தால் அண்மைய பரிசோதனை முடிவுகள், பழைய ஸ்கேன் எடுத்திருந்தால் அறிக்கையோடு படங்களும். அறிக்கையை மட்டும் கொண்டுபோனால் இன்னொரு மருத்துவர் படத்தைப் பார்க்க முடியாமல் மறுபடியும் எடுக்கச் சொல்வார். அது தவிர்க்கக்கூடிய செலவு. முடிந்தால் வாத்தியத்தையும் கொண்டுபோங்கள். பியானோ, டிரம்ஸ் போன்றவற்றுக்குக் காணொளி போதும். சந்திப்பு நேரத்தைக் காலையில் வைக்காமல், வாசித்து முடித்த பிறகு வரும்படி கேட்டு வாங்குங்கள். ஓய்வெடுத்த தோளைக் காட்டினால் பரிசோதனையில் எதுவும் அகப்படாமல் போகலாம்.

எனக்கு முதலில் கிடைத்த ஆலோசனை "வாசிப்பதை நிறுத்திவிடுங்கள்" என்பதோடு முடிந்துவிட்டது. எத்தனை நாளைக்கு, எப்படித் தொடங்குவது, இடையில் என்ன செய்வது என்று எதுவும் இல்லை. நீங்கள் அந்தக் கேள்விகளை எழுதியே கொண்டுபோங்கள்: இது எந்த அமைப்பின் பிரச்சினை? எந்த அசைவைத் தவிர்க்க வேண்டும், எதைச் செய்யலாம்? எத்தனை வாரத்தில் முன்னேற்றம் தெரிய வேண்டும்? தெரியாவிட்டால் அடுத்தது என்ன?

பணியிடத்துக்கோ இசைப் பள்ளிக்கோ சான்றிதழ் வேண்டுமென்றால், "ஓய்வு தேவை" என்ற ஒற்றை வரி போதாது. நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் வாசிக்கலாம், கையை எந்த உயரத்துக்கு மேல் தூக்கக் கூடாது, எந்தத் தேதி வரை என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். தேர்வு நெருங்கினால், தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று தேர்வு நாளுக்கு முன்பே எழுத்துமூலம் கேளுங்கள். சம்பளத்துக்கு வாசிப்பவரானால், வலி தொடங்கிய உடனேயே நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வேலையால் வந்த பாதிப்புக்கு இழப்பீடு கோருவதற்குப் பெரும்பாலும் கால வரம்பு உண்டு.

5. பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது

இந்தப் படியில்தான் மிக அதிகமான பணம் வீணாவதைப் பார்த்திருக்கிறேன். வலி வந்ததும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று தோன்றும். அடிபடாமல் படிப்படியாக வந்த வலிக்கு, மருத்துவர் தோளைத் தொட்டும் அசைத்தும் செய்யும் நல்ல பரிசோதனையும் சில வார இயன்முறைப் பயிற்சியும் முடிந்த பிறகே பெரும்பாலும் அது தேவைப்படுகிறது. வலியே இல்லாதவர்களின் தோளிலும், குறிப்பாக 60 வயதுக்கு மேல், நாண் கிழிசல் ஸ்கேனில் தென்படுவது சாதாரணம். படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நாணைக் காட்டாது. அல்ட்ராசவுண்ட் நாணை நன்றாகக் காட்டும், செலவும் குறைவு. ஆனால் எடுப்பவரின் தேர்ச்சியைப் பொறுத்தது.

என் பரிந்துரை இதுதான்: முதல் பணத்தை மருத்துவரின் முதல் ஆலோசனைக்கும், இயன்முறை மருத்துவரின் சில அமர்வுகளுக்கும் ஒதுக்குங்கள். அந்த அமர்வுகளையும் அடுத்தடுத்த நாள்களில் முடித்துவிடாமல், ஒன்றிலிருந்து இரண்டு வார இடைவெளியில் பரப்புங்கள். தசை வலுப்பெறப் பன்னிரண்டு வாரம் வரை ஆகும், பயிற்சியைக் கூட்ட வேண்டிய கட்டங்களில் அவர் உங்களைப் பார்த்தாக வேண்டும். மின்தூண்டுதலும் சூட்டுச் சிகிச்சையும் மட்டும் தந்து, பயிற்சி எதையும் கற்றுத்தராத இடத்தில் நீண்ட தொகுப்புக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள். காப்பீடு இருந்தால், பரிந்துரைக் கடிதம் தேவையா, எத்தனை அமர்வு வரை ஏற்கப்படும், எம்.ஆர்.ஐ.க்கு முன் அனுமதி வேண்டுமா என்ற மூன்றையும் முதல் அமர்வுக்கு முன் கேட்டுவிடுங்கள்.

புதிய நாற்காலி, விலையுயர்ந்த தாங்கி, தோளைப் பின்னுக்கு இழுக்கும் பட்டை ஆகியவை கடைசி வரிசையில் இருக்கட்டும். பட்டையை அணிந்திருக்கும் வரை தோள் பின்னால் இருக்கும். தசை வேலை செய்யப் பழகாது.

6. சாதகத்தை நிறுத்தாமல் அளவைக் குறையுங்கள்

மருத்துவர் முழு ஓய்வு சொன்னாலொழிய, முற்றிலும் நிறுத்துவது பெரும்பாலும் தேவையில்லை. நீண்ட ஓய்வில் வலியோடு தசையின் வலுவும் குறைந்துவிடும். வாசிக்கும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு ஏற்கத்தக்கது. தாண்டினால் அடுத்த நாள் குறைக்க வேண்டும். இந்த ஒரு விதி என்னைப் பயத்திலிருந்து விடுவித்தது.

இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் வாத்தியத்தைக் கீழே வையுங்கள். அந்த ஐந்து நிமிடம் தொலைபேசியைக் குனிந்து பார்ப்பதில் போனால் கழுத்துக்கு ஓய்வில்லை, எழுந்து நடங்கள். கடினமான பகுதியை அமர்வின் முடிவில் வைக்காமல் நடுவில் வையுங்கள். வாசிக்காத நேரத்தில் மனத்துக்குள் பாடியோ இசைத்தாளைப் படித்தோ செய்யும் சாதகம் உண்மையான சாதகமே.

7. வாத்தியத்தை உடலுக்கு ஏற்ப மாற்றுங்கள்

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதையும் ஒரு வாரமாவது வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

வயலின் என்றால் முதலில் காரை எலும்புக்கும் தாடைக்கும் இடையிலுள்ள உயரத்தைப் பாருங்கள். கழுத்து நீளமானவர்கள் அந்த இடைவெளியை நிரப்ப இடது தோளைத் தூக்கிவிடுவார்கள். தோள்தாங்கி வாங்குவதற்கு முன் மடித்த துணியையோ பஞ்சையோ வைத்து உயரத்தைத் தேடுங்கள். உயரம் போதாமைக்குத் தாடைத்தாங்கியே காரணமாகவும் இருக்கலாம். வில் கையில் தடித்த தந்தியை வாசிக்கும்போது முழங்கை மிக உயரும். வயலினைச் சற்றே உள்பக்கம் சாய்த்தால் அந்த உயரம் குறையும். என் வலி இறங்கத் தொடங்கியது இந்தச் சிறு சாய்வுக்குப் பிறகுதான்.

கிதாரில், தடிமனான உடல் கொண்ட அக்கூஸ்டிக் வகை வலது தோளை மேலும் முன்னும் தள்ளும்; மெல்லிய உடல் கொண்டதைக் கடன் வாங்கி ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். மின்கிதார் நான்கு கிலோ வரை எடை வருவதால் அகலமான வார் அவசியம். சாக்ஸபோனில் கழுத்து வாரைவிட இரண்டு தோளிலும் எடையைப் பகிரும் வார் நல்லது. பக்கவாட்டில் பிடிக்கும் குழல் வாசிப்பவர்கள் உடலை இசைத்தாளுக்கு நேராக நிறுத்தாமல் சற்று வலப்பக்கம் திரும்பி நின்று, தலையை மட்டும் இடப்பக்கம் திருப்பினால் இடது கை உடலைக் குறுக்கே இழுப்பது குறையும். பியானோவில் முழங்கை கட்டைகளின் மட்டத்திலோ சற்று மேலோ இருக்கும்படி இருக்கை உயரம் அமைய வேண்டும். டிரம்ஸில் அதிகம் அடிக்கும் சிம்பலை நெருக்கமாகவும் தாழ்வாகவும் கொண்டுவாருங்கள்.

வீணை, மிருதங்கம் என்று தரையில் அமர்ந்து வாசிப்பவர்களுக்கு முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நின்றால் முதுகு கூன்விழுந்து தோள் முன்னால் வரும். உட்காரும் இடத்தின் பின்பகுதியில், பிட்டத்துக்கு அடியில், கெட்டியாக மடித்த துணி ஒன்றை வைத்து இடுப்பை உயர்த்தினால் முழங்கால் தாழும்.

இசைத்தாள் தாங்கியின் உயரத்தோடு மூக்குக்கண்ணாடியையும் சேர்த்துப் பாருங்கள். இரு பார்வைக் கண்ணாடி அணிந்தவர்கள் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதற்காக மோவாயைத் தூக்குவார்கள். அது கழுத்தைப் பின்னால் மடக்கும். கண்ணுக்கும் தாங்கிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளவுநாடாவால் அளந்து, அந்தத் தூரத்துக்கு மட்டுமான கண்ணாடியைக் கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

8. தோளை வலுவாக்குங்கள்

அடிப்படைப் பயிற்சிகள் நான்கு. முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது. பட்டையை முன்னிருந்து விலாவை நோக்கி இழுப்பது. சுவரில் கைகளை ஊன்றித் தள்ளி, முடிவில் முதுகிலுள்ள தோள்பட்டை எலும்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்வரை இன்னும் சற்றுத் தள்ளுவது. நாற்காலியின் முதுகில் மேல்முதுகைச் சாய்த்துப் பின்னால் வளைவது. முதல் மூன்றையும் பத்து முதல் பதினைந்து தடவை கொண்ட மூன்று சுற்றுகளாக, வாரத்துக்கு மூன்று நாள் செய்யலாம். சாதகத்துக்கு உடனே முன்னால் தசை களைக்கும் அளவுக்குச் செய்யாதீர்கள். சாதகம் முடிந்த பிறகோ வேறொரு நேரத்திலோ செய்யுங்கள். மூன்று வாரத்தில் பலன் இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறாவது வாரத்தில்தான் தெளிவான மாற்றம் தெரியத் தொடங்கும்.

9. மாத்திரை, ஊசி, அறுவை

இபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை என்பதால் மருத்துவர் சொன்ன காலத்துக்கு மட்டும் எடுங்கள். வாசிப்பதற்காகவே மாத்திரை போட்டுக்கொண்டால், நிறுத்தச் சொல்லும் அறிகுறி உங்களுக்குக் கேட்காமல் போய்விடும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களோ மாதங்களோ வலியைத் தணித்து, பயிற்சி செய்ய வாய்ப்பளிக்கும். அந்த நிம்மதியை முழு குணம் என்று எடுத்துக்கொண்டு பழைய நேரத்துக்குத் திரும்பக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள்கள் சர்க்கரை அளவு ஏறும். கச்சேரிக்கு முந்தைய நாள்களில் ஊசி போடத் திட்டமிடாதீர்கள். நாண் சீரமைப்பு அறுவை செய்தால் கை நான்கு முதல் ஆறு வாரம் கழுத்திலிருந்து தொங்கும் கைத்தூளியில் இருக்கும், வாசிப்புக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். அந்தக் காலத்துக்கான வருமானத்தையும் கணக்கில் சேர்த்தே முடிவெடுங்கள்.

10. மேடைக்குத் திரும்பும் அட்டவணை

நீண்ட இடைவெளிக்குப் பிறகு தொடங்குபவர்கள், நாளைக்கு இருமுறை ஐந்து நிமிடம் மெதுவான ஸ்வரங்களோடு தொடங்க வேண்டும். இரண்டு மூன்று நாள் மறுநாள் காலை தோள் அமைதியாக இருந்தால் பத்து நிமிடம், பிறகு பதினைந்து, பிறகு இருபது. அதற்குமேல் ஒரு அமர்வை நீட்டாமல், ஒரு மணி நேர இடைவெளி விட்டு இன்னொரு அமர்வைச் சேருங்கள். நேரம் கூடிய பிறகே வேகம்; வேகம் பழகிய பிறகே சத்தமும் கடினமான உருப்படிகளும். வலி ஏறினால் முந்தைய படிக்கு இறங்கி மூன்று நாள் அங்கேயே இருங்கள். தொடக்கத்துக்குப் போக வேண்டியதில்லை.

மேடை நாளைக் குறிப்பதற்கு முன், முழு நிகழ்ச்சியையும் அதே இருக்கையில், அதே உடையில், இரண்டு வெவ்வேறு நாள்களில் வாசித்துப் பாருங்கள். இரண்டு முறையும் மறுநாள் காலை தோள்வலி பத்துக்கு மூன்றுக்குக் கீழே இருந்தால் தேதியை ஒப்புக்கொள்ளலாம். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரத்தில் சாதக நேரத்தைக் கூட்டாமல் அப்படியே வைத்திருங்கள். வாத்தியப் பெட்டியை அன்று வேறொருவர் தூக்கட்டும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளத் தயங்காதீர்கள்.